சம்மனில் யார் கையெழுத்து? அமெரிக்காவில் அரசு முறைகேடுகள் விசாரிக்கப்படும் விதம்

2015 செப்டம்பர் 29 அன்று, குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி ஃபாக்ஸ் நியூஸ் நிகழ்ச்சியில் சொல்லக்கூடாத ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். அப்போது அவர் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவர். ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டனை யாராலும் வீழ்த்த முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள், நாங்கள் பெங்காசி விசாரணைக் குழுவை அமைத்தோம், இன்று கருத்துக்கணிப்பில் அவர் எங்கே இருக்கிறார் பாருங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சபாநாயகர் பதவிக்கு முன்னணியில் நின்றவர், அக்டோபர் 8 அன்று போட்டியிலிருந்தே விலகினார். விலகியதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

லிபியாவின் பெங்காசி நகரில் 2012 செப்டம்பர் 11 அன்று நடந்த தாக்குதலில் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் உட்பட நான்கு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டனர். அப்போது வெளியுறவு அமைச்சர் ஹிலாரி. சிறப்புக் குழு அமைவதற்கு முன்பே பல குழுக்கள் இதை விசாரிக்கத் தொடங்கியிருந்தன. அப்படியும் 2014 மே மாதம் தனியாக ஒரு குழு அமைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் ஓடின, 70 லட்சம் டாலருக்கு மேல் செலவானது, ஹிலாரியை ஒரே நாளில் சுமார் 11 மணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். 2016 ஜூனில் சுமார் 800 பக்க அறிக்கை வந்தது. அவர் தனிப்பட்ட முறையில் தவறிழைத்தார் என்பதற்குப் புதிய சான்று எதுவும் அதில் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் இது வெறும் கட்சி நாடகம். ஆனால், வெளியுறவு அமைச்சராக இருந்த காலமெல்லாம் அவர் அரசு வேலைக்குத் தன் சொந்த மின்னஞ்சல் சர்வரைப் பயன்படுத்தினார் என்பது வெளியே வந்ததும் இதே குழு ஆவணங்களைக் கேட்ட வழியில்தான். கெட்ட நோக்கத்தோடு தொடங்கிய விசாரணை நிஜமான ஒரு விஷயத்தில் போய் முட்டியது. வழக்குத் தொடரத் தேவையில்லை என்று எஃப்.பி.ஐ. பின்னர் பரிந்துரைத்தாலும், அவர் மிகவும் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று அதன் இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார்.

அமெரிக்க முறைகேட்டுச் செய்திகளைப் படிக்கும்போது பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எதிர்க்கட்சி சொல்கிறது, அதனால் பொய் என்று ஒரு பக்கம். இவ்வளவு கூச்சல் இருக்கிறது, அதனால் ஏதோ இருக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். எதைத் தோண்டுவது என்பதைத்தான் கட்சி முடிவு செய்கிறது. தோண்டிய இடத்தில் என்ன இருக்கும் என்பது கட்சியின் கையில் இல்லை. தோண்டுவதற்கான மண்வெட்டி யாரிடம் இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

குழுத் தலைவரின் அதிகாரம்

அமெரிக்காவில் அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்க அரசியல் சாசனமே அனுமதிப்பதில்லை. ஆகவே அவையில் எழுந்து நின்று அமைச்சரைக் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. கேட்க வேண்டியதைக் குழுக்கள் மூலம்தான் கேட்க வேண்டும். பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு குழுவுக்கும் தலைவர் பெரும்பான்மைக் கட்சிக்காரர். பெரும்பாலான குழுக்களில் அவர் யாரையும் கேட்காமல் தானே சம்மன் அனுப்பலாம். ஊழியர்களுக்கான பணத்தில் பெரும்பகுதியும் அவர் பக்கம்தான். சிறுபான்மைக் கட்சியின் மூத்த உறுப்பினர் கடிதம் எழுதலாம், பத்திரிகையாளரைக் கூப்பிடலாம்; அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த அமைச்சகத்துக்கும் இல்லை.

1997 முதல் 2002 வரை சபையின் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் டேன் பர்ட்டன், பில் கிளிண்டன் அரசையும் ஜனநாயகக் கட்சியையும் குறிவைத்துத் தன்னிச்சையாக அனுப்பிய சம்மன்கள் ஆயிரத்தைத் தாண்டின. அதே கட்சியின் ஜார்ஜ் புஷ் அதிபராக வந்ததும் அந்த வேகம் அடங்கிவிட்டது. கிளிண்டனின் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பட்டியலைப் பற்றி 140 மணி நேரம் சாட்சியம் பதிந்த சபை, ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் நடத்திய கொடுமைகளுக்கு 12 மணி நேரம்தான் ஒதுக்கியது என்று ஜனநாயகக் கட்சியினர் கணக்குக் காட்டினார்கள். எதிர்த்தரப்பின் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம், ஆனால் திசை சரிதான்.

தொலைக்காட்சியில் வரும் பொது விசாரணையில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஒரு உறுப்பினருக்கு ஐந்து நிமிடம். அதில் மூன்று நிமிடம் அவரே பேசுவார். பழகிய சாட்சிக்கு மீதி இரண்டு நிமிடத்தைக் கடத்துவது பெரிய காரியமில்லை. உருப்படியான வேலை மூடிய அறையில், குழுவின் வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் கேள்வி கேட்டு வாக்குமூலம் பதிவு செய்யும்போது நடக்கிறது. சம்மன் மூலம் கட்டாயமாக அழைத்துச் சத்தியப்பிரமாணத்தோடு பதிவு செய்யும் வாக்குமூலத்துக்கு அமைச்சகத்தின் வழக்கறிஞர் கூட வரக்கூடாது என்பது சபையின் விதி. சாட்சி சொந்த வழக்கறிஞரை மட்டும் அழைத்து வரலாம். தானாக முன்வந்து தரும் பேட்டியானால் அமைச்சகத்து ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வழக்கம். எந்த வகை என்று செய்தியில் ஒரு சொல்லில்தான் வரும். கவனிக்க வேண்டிய சொல் அது.

ஒரு வழக்கு, ஏழு ஆண்டுகள்

இந்த இயந்திரம் எங்கே சிக்குகிறது என்று பார்க்க 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' விவகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அரிசோனாவில் ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.டி.எஃப்., மெக்சிகோ போதைக் கும்பல்களின் தலைகளைப் பிடிக்க வேண்டும் என்று, சந்தேகத்துக்குரியவர்கள் துப்பாக்கி வாங்குவதைக் கண்ணால் பார்த்தும் தடுக்காமல் விட்டது. அப்படிப் போனவை சுமார் 2,000 துப்பாக்கிகள். 2010 டிசம்பரில் எல்லைக் காவலர் பிரையன் டெரி கொல்லப்பட்ட இடத்தில் அவற்றில் இரண்டு கிடைத்தன.

குடியரசுக் கட்சி செனட்டர் சார்லஸ் கிராஸ்லி கேள்வி எழுப்பினார். 2011 பிப்ரவரி 4 அன்று நீதி அமைச்சகம் அவருக்கு எழுத்து மூலம் மறுப்பு அனுப்பியது: கடத்தலைத் தெரிந்தே விடவில்லை என்று. அது தவறு. பத்து மாதம் கழித்து, டிசம்பரில், அமைச்சகம் அந்தக் கடிதத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்புறம் சண்டை துப்பாக்கியைப் பற்றியதாக இல்லை. அந்தப் பத்து மாதத்தில் அமைச்சகத்துக்குள் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்ற ஆவணங்களைப் பற்றியதாக மாறியது. மேற்பார்வைக் குழுத் தலைவர் டேரல் ஐசா அவற்றைக் கேட்டு சம்மன் அனுப்பினார். 2012 ஜூன் 20 அன்று ஒபாமா அவற்றின் மீது அதிபரின் ரகசியச் சலுகையை, அதாவது அரசின் உள் ஆலோசனைகளை வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் உரிமையை, கோரினார். எட்டு நாள் கழித்து அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் சபையை அவமதித்ததாக 255–67 வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியினர் நூறு பேருக்கு மேல் வாக்களிக்காமல் வெளியேறினார்கள். 17 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. நாடாளுமன்ற அவமதிப்பு சட்டப்படி குற்றம். ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் சபை தானே வழக்குப் போட முடியாது. வாஷிங்டனில் உள்ள அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டும். அந்த வழக்கறிஞர் நீதி அமைச்சகத்தின் கீழ் வேலை செய்பவர். அமைச்சகத்தின் தலைவரோ ஹோல்டர். தன் தலைவர் மீது வழக்கில்லை என்று அமைச்சகம் உடனே அறிவித்துவிட்டது.

சபை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஆகஸ்டில் வழக்கு, 2016 ஜனவரியில் நீதிபதியின் முக்கியத் தீர்ப்பு, ஏப்ரலில் ஆவணங்கள், 2019-ல் இறுதிச் சமரசம். ஹோல்டர் பதவியை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கிடையே அமைச்சகத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் மைக்கேல் ஹோரோவிட்ஸ் 2012 செப்டம்பரிலேயே 471 பக்கத்தில் அறிக்கை கொடுத்துவிட்டார். 14 அதிகாரிகள் மீது குறை கண்டார். ஹோல்டருக்கு இந்த நடவடிக்கை முன்பே தெரியும் என்பதற்குச் சான்று இல்லை என்றார். அன்றைக்கே இரண்டு பேர் பதவியிலிருந்து போனார்கள். சபை ஏழு ஆண்டு மல்லுக்கட்டிப் பெற முயன்றதில் பெரும்பகுதியை ஓர் உள் தணிக்கையாளர் சத்தமில்லாமல் செய்து முடித்திருந்தார்.

ஹோல்டருக்கு நடந்தது கட்சி மாறியும் மாறவில்லை. 2019-ல் ஜனநாயகக் கட்சிச் சபை டிரம்ப்பின் அட்டர்னி ஜெனரல் வில்லியம் பாரை அவமதிப்புக் குற்றவாளி என்றது; வழக்கில்லை. 2024 ஜூனில் குடியரசுக் கட்சிச் சபை பைடனின் அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்டை 216–207 வாக்கில் அப்படியே சொன்னது, வழக்கில்லை. ரீகன் கால நீதி அமைச்சகம் 1984-ல் எழுதிய ஒரு சட்டக் கருத்துதான் இதற்கெல்லாம் கேடயம்: அதிபரின் ரகசியச் சலுகையைச் சொல்லி ஆவணம் தர மறுக்கும் அதிகாரி மீது வழக்குத் தொடர வேண்டியதில்லை என்கிறது அது. 1982-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் ஆன் கோர்சச்சை சபை அவமதிப்புக்கு உள்ளாக்கியதை ஒட்டி எழுந்த கருத்து. இன்றைய உச்ச நீதிமன்ற நீதிபதி நீல் கோர்சச்சின் தாயார் அவர்.

டிரம்ப்பின் முன்னாள் ஆலோசகர்கள் ஸ்டீவ் பேனனும் பீட்டர் நவாரோவும் மட்டும் ஏன் சிறை போனார்கள்? 2021 ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த குழுவின் சம்மனை இருவரும் முற்றாகப் புறக்கணித்தார்கள். ஆளுக்கு நான்கு மாதம் 2024-ல் உள்ளே இருந்தார்கள். வழக்குப் போட்டபோது சபையும் நீதி அமைச்சகமும் ஒரே கட்சியிடம் இருந்தன, சாட்சிகளோ எதிர்க்கட்சிக்காரர்கள். வழக்குத் தொடரச் சொல்லி அதே குழுவின் பரிந்துரையில் அனுப்பப்பட்ட, டிரம்ப்பின் வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் மார்க் மெடோஸ் மீது வழக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கொஞ்சம் ஆவணமாவது கொடுத்திருந்தார்.

நாடாளுமன்ற அவையே ஆளைப் பிடித்து அடைத்து வைக்கும் பழைய அதிகாரம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசியாகப் பயன்பட்டது 1930-களில், செனட்டில். ஒவ்வொரு பெரும்பான்மையும் அதைப் பற்றி மிரட்டும், யாரும் கை வைப்பதில்லை.

காலம் கடத்துவதே போதும்

பிரதிநிதிகள் சபை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கக் கலைந்து புதிதாகக் கூடுகிறது. ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரி 3 வந்தால் பழைய சபையின் சம்மன்கள் செத்துவிடும். புதிய சபை விரும்பினால் மறுபடி அனுப்ப வேண்டும். கட்சி மாறியிருந்தால் அனுப்பாது. ஆகவே சம்மனை எதிர்ப்பவருக்கு வழக்கில் வெல்ல வேண்டிய அவசியம் இல்லை, இழுத்தால் போதும். டிரம்ப்பின் வெள்ளை மாளிகை வழக்கறிஞராக இருந்த டான் மெக்கானுக்கு 2019 ஏப்ரலில் சம்மன் போனது. அவர் சாட்சியம் சொன்னது 2021 ஜூனில், அதுவும் மூடிய அறையில். டிரம்ப் அப்போது பதவியிலேயே இல்லை.

டிரம்ப்பின் வருமான வரிக் கணக்கும் அப்படித்தான். நாடாளுமன்ற வரிக்குழு எழுதிக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1920-களில், கடற்படை எண்ணெய் வயல்களை லஞ்சம் வாங்கிக்கொண்டு குத்தகைக்கு விட்ட டீபாட் டோம் ஊழல் நாறிக்கொண்டிருந்த நாளில் பிறந்த சட்டம் அது. (அந்த ஊழலில் உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபால் சிறை போனார், பதவிக் காலக் குற்றத்துக்காக அமெரிக்க அமைச்சர் ஒருவர் சிறை சென்றது அதுவே முதல் முறை.) சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் 2019 ஏப்ரலில் கேட்டது 2022 நவம்பரில்தான் கிடைத்தது. ஜனநாயகக் கட்சியினர் டிசம்பர் 30 அன்று வெளியிட்டார்கள். நான்கு நாளில் சபை கைமாறியது.

அவசரப்பட்டாலும் கெடும். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற பணத்தை நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்டது ஈரான்–கான்ட்ரா விவகாரம். 1987-ல் அந்த விசாரணையில் வெள்ளை மாளிகை அதிகாரி ஆலிவர் நார்த்தைப் பேச வைக்க வேண்டுமென்று, அவர் சொல்வதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்ற விலக்குரிமையை நாடாளுமன்றம் கொடுத்தது. ஆறு நாள் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தனி வழக்கறிஞர் லாரன்ஸ் வால்ஷ் வேண்டாமென்று எச்சரித்தும் பயனில்லை. 1989-ல் நார்த் தண்டிக்கப்பட்டார். 1990-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது: வழக்கில் சாட்சி சொன்னவர்கள் அந்தத் தொலைக்காட்சிப் பேச்சைப் பார்த்து நினைவைத் தீட்டிக்கொண்டிருக்கலாமே, இல்லை என்று அரசு நிரூபித்ததா என்பதுதான் கேள்வி. நிரூபிக்க முடியவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கு 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தந்தை புஷ் மன்னிப்பு வழங்கினார், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கேஸ்பர் வெயின்பர்கர் உட்பட ஆறு பேருக்கு.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும். 2013 மே மாதத்தில், 'டீ பார்ட்டி' போன்ற பெயருள்ள பழமைவாத அமைப்புகளை வருமான வரித்துறை தனியாகப் பிரித்துத் துருவியது என்று தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. அது உண்மை, துறை பின்னர் மன்னிப்பும் கேட்டது. ஆனால் 2017-ல் அதே தணிக்கை அலுவலகம் வலையை விரித்துத் தேடியபோது 'புரோகிரசிவ்', 'ஆக்குபை' போன்ற இடதுசாரிப் பெயர்களும் அதே முறையில் பிரிக்கப்பட்டது தெரிந்தது. முதல் அறிக்கைக்கும் இரண்டாவதற்கும் நடுவே நான்கு ஆண்டுகள். முதலாவதுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது.

இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்ற இந்த உள் தணிக்கை ஏற்பாடு, அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1978-ல் சட்டமானது. அதிலும் ஓட்டை உண்டு. விசாரணையின் நடுவே ஓர் அதிகாரி ராஜினாமா செய்துவிட்டால், அவரைக் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்ல வைக்கும் அதிகாரம் பெரும்பாலான இன்ஸ்பெக்டர் ஜெனரல்களுக்குக் கிடையாது. பெரிய துறைகளில் அவர்களை நியமிப்பதும் நீக்குவதும் அதிபர். ரீகன் 1981-ல் பதவியேற்ற நாளிலேயே இருந்தவர்களை மொத்தமாக நீக்கி, எதிர்ப்பு வந்ததும் சிலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நீக்குவதற்கு 30 நாள் முன்பு விரிவான காரணத்தோடு நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் சட்டம் இறுகியது. 2025 ஜனவரியில் டிரம்ப் அப்படித் தெரிவிக்காமலே சுமார் 17 பேரை ஓரிரவில் நீக்கினார். அது சட்டமீறல் என்று செப்டம்பரில் நீதிபதி சொன்னார், ஆனால் மீண்டும் பதவியில் அமர்த்த உத்தரவிடவில்லை. சட்டத்தை மீறியதற்கு விலை எதுவும் இல்லாமல் போனது.

சொந்தக் கட்சியிலிருந்து ஒரு கை

வாட்டர்கேட் ஏன் வேறு மாதிரி முடிந்தது என்று கேட்டால், ஜனநாயகக் கட்சியிடம் இரு அவைகளும் இருந்தன என்பது பாதிப் பதில். 1973 பிப்ரவரியில் செனட் விசாரணைக் குழுவை அமைத்த வாக்கெடுப்பு 77–0. 1974 ஜூலையில் நிக்சனுக்கு எதிரான முதல் குற்றச்சாட்டை நீதிக் குழு 27–11 என்று ஏற்றபோது அதிலிருந்த 17 குடியரசுக் கட்சியினரில் ஆறு பேர் ஆதரித்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று பேரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட குடியரசுக் கட்சித் தலைவர்கள் மூன்று பேர் நேரில் போய், செனட்டில் உங்களுக்கு ஆதரவில்லை என்று சொன்னார்கள். இரண்டே நாளில் நிக்சன் போனார். அதற்குப் பின் நடந்த மூன்று அதிபர் பதவிநீக்க விசாரணைகளிலும் தேவையான 67 வாக்கு அருகில்கூட வரவில்லை. அதிகபட்சம் 2021 பிப்ரவரியில் டிரம்ப்புக்கு எதிராக விழுந்த 57. அதில் ஏழு பேர் அவர் கட்சிக்காரர்கள்.

பழைய உதாரணம் இன்னும் நல்லது. 1941-ல் ராணுவ ஒப்பந்தங்களில் நடந்த வீண்செலவை விசாரிக்க 15,000 டாலரோடு ஒரு செனட் குழு தொடங்கியது. தலைவர் ஹாரி ட்ரூமன், ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சிக்காரர். போர்க்காலத்தில் தன் கட்சி அரசையே உலுக்கிய அந்த வேலைதான் அவரைத் துணை அதிபராக்கியது என்று சொன்னால் மிகையில்லை.

சிறுபான்மைக் கட்சிக்கு முற்றிலும் கை கட்டப்படவில்லை. சிறு துவாரங்கள் உண்டு. 1928-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி சபை மேற்பார்வைக் குழுவில் ஏழு பேரோ, செனட்டின் இணையான குழுவில் ஐந்து பேரோ சேர்ந்து கேட்டால் அரசுத் துறை தகவல் தர வேண்டும். தராவிட்டால் நீதிமன்றத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்பதால் பலன் குறைவு. இன்னொன்று, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது திடீரெனத் தீர்மானம் முன்மொழிவது. 2025 ஜூலை 23 அன்று மேற்பார்வைத் துணைக்குழு ஒன்றில், பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் பற்றிய கோப்புகளைக் கேட்டு நீதி அமைச்சகத்துக்கு சம்மன் அனுப்ப வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் சம்மர் லீ முன்மொழிந்தார். மூன்று குடியரசுக் கட்சியினர் சேர்ந்துகொள்ள, 8–2 என்று நிறைவேறியது. குழுத் தலைவர் வேறு வழியின்றி சம்மனில் கையெழுத்திட வேண்டி வந்தது.

மூன்றாவது, சபாநாயகர் முடக்கி வைத்திருக்கும் மசோதாவை 218 கையெழுத்து திரட்டி அவைக்கு இழுத்து வரும் மனு. அபூர்வமாகத்தான் பலிக்கும், ஏனென்றால் ஆளும் கட்சியிலிருந்து சிலர் பகிரங்கமாகக் கையெழுத்திட வேண்டும். கோப்புகளை வெளியிடச் சொன்ன எப்ஸ்டீன் மசோதாவுக்கான மனுவில் தாமஸ் மாஸி உட்பட நான்கு குடியரசுக் கட்சியினர் கையெழுத்திட்டார்கள், கட்சியின் கடும் நெருக்கடிக்கு நடுவே. 218-ஆவது கையெழுத்து 2025 நவம்பர் 12 அன்று விழுந்தது. இடைத்தேர்தலில் வென்று ஏழு வாரம் பதவியேற்பு தள்ளிப்போன அடெலிட்டா கிரிஹால்வா, பதவியேற்ற அன்றே போட்டது. அவ்வளவு நாள் எதிர்த்த கட்சி, தோல்வி உறுதி என்றதும் அப்படியே திரும்பியது: நவம்பர் 18 அன்று வாக்கு 427–1. மறுநாள் டிரம்ப் கையெழுத்திட்டார். 30 நாளில் கோப்புகளை வெளியிட வேண்டும் என்றது சட்டம். எதை வெளியிடுவது, எதைக் கருப்பு மையால் மறைப்பது என்று பிரிக்கும் வேலை, அதுவரை அவற்றைத் தன்னிடமே வைத்திருந்த நீதி அமைச்சகத்திடம் போனது.